மிஷின் மிரட்டாது

பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பெர்ரிப் படகின் இரும்புக் கதவு முக்கால்வாசி மூடிவிட்டது. மிச்சமிருந்த இடுக்கில் தோளைக் கொடுத்து நுழைந்துவிட்டாள் தாட்சாயினி. இடது கால் செருப்பு மட்டும் வெளியே, சாய்தளத்திலேயே தங்கிவிட்டது. காவலாளி மலாயில் திட்டினான். அடுத்த பெர்ரிக்கு வந்தால் தலையா போய்விடும் என்பது திட்டின் சாரம்.

தலை போகாது. கையெழுத்து விழுந்துவிடும்.

மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டு, கைப்பேசியைக் காதில் அழுத்தினாள். கிஷனின் குரல் மறுபடியும் ஓடியது.

"டீச்சர், கிஷன் பேசறேன். மீட்டிங் ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. முன்னால ஒரு பேப்பர். 'ஐ அட்மிட் பைபாஸிங் தி சென்சர்'னு அடிச்சிருக்கு. அட்மிட்னா செஞ்சத ஒத்துக்கறது, பின்னாடி ஐ.என்.ஜி. வரும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? கரெக்டா வந்திருக்கு டீச்சர். இலக்கணம் சுத்தம்." ஒரு பெருமூச்சு. "அன்னிக்குக் காலைலதான் செஞ்சேனாம். யாருக்கும் தெரியாம செஞ்சேனாம். தொழில் பாதுகாப்பு இலாகா ஆபீசர் வர்றதுக்குள்ள சைன் பண்ணணுமாம், இல்லேன்னா போலீஸ்தானாம். நீங்க வர முடியுமா?"

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு கடையின் மாடியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது வந்த செய்தி அது. தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தில் லாரி கவிழ்ந்து, கைப்பேசி வரைபடம் முழுக்கச் சிவப்பு. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு படகுத்துறைக்கு ஓடி வந்திருந்தாள்.

பட்டர்வொர்த் கரை மெல்ல நகர்ந்து வந்தது. அந்தக் கரைக்கு அப்பால் மாக் மண்டின் தொழிற்பேட்டை. அங்கே இரும்புத் தகடுகளை அழுத்தி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி. போன வாரம் அதன் ஆறாம் நம்பர் பிரெஸ் மிஷினில் பக்கிரிசாமி செத்துப் போனார்.

கை உள்ளே போனால் மிஷின் தானாக நிற்க வேண்டும். அதற்குத்தான் வாயோரத்தில் ஒரு சென்சர், கண் மாதிரி. அந்தச் சென்சரின் வயர்களை நேராக ஒட்டிவிட்டால் கண் குருடு. மிஷினுக்குக் கை தெரியாது, தகடு தெரியாது. அது பாட்டுக்கு இறங்கும். அன்றைக்கும் இறங்கியது. தோள்வரை. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டபோது பக்கிரிசாமியின் உடம்பில் ரத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை.

வயரை ஒட்டியது யார்? பழுது பார்க்கும் பிரிவில் இருக்கும் கிஷன்தான். அதை அவனே மறைக்கவில்லை. ஆனால் என்றைக்கு ஒட்டினான், யார் சொல்லி ஒட்டினான் என்பதில்தான் அவன் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி சொல்லும் கதைப்படி அது அவனாகச் செய்த குற்றம். அவன் சொல்லும் கதைப்படி அது மேலிடத்து உத்தரவு, வாய்மொழியாக வந்தது, பல வாரங்களுக்கு முன்னால்.

கைப்பேசி அதிர்ந்தது. கார்த்திகன்.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. தாட்சாயினியின் கணவன்.

"எங்க நிக்கிறீர்?"

"பெர்ரியில."

"பெர்ரியிலயா? எதுக்கு?"

"கிஷன் கூப்பிட்டான்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். குரல் இறங்கியது. "தாட்சா, சொல்றதக் கேளும். இறங்கின கையோட அடுத்த பெர்ரியில திரும்பிப் போம். இது இங்கிலீஷ் கிளாஸ் இல்ல."

யாழ்ப்பாணத்துத் தாத்தாக்கள் கப்பலில் கொண்டு வந்த 'நீர்', 'போம்' எல்லாம் அவர்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருந்தன. கோபம் வந்தாலும் கார்த்திகனின் வாயிலிருந்து 'நீ' வராது. மரியாதையாகவே மிரட்டுவான்.

"நான் வாறன்," என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

இங்கிலீஷ் கிளாஸ்தான். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

வெளிநாட்டுக்காரன் சரக்கு வாங்க வேண்டுமென்றால் விபத்து அறிக்கை இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டான். யார் யாரிடம் என்ன சொன்னார், யார் மறுத்தார், யார் எச்சரித்தார், இதையெல்லாம் எழுதத் தெரிந்தால்தான் லைன் லீடர் வேலை. மனைவிக்கு அந்த வகுப்பை வாங்கிக் கொடுத்ததே கார்த்திகன்தான். சனிக்கிழமை காலை, கேன்டீனில், மீ கோரெங் நூடுல்ஸ் வாசனைக்கு நடுவே பாடம் நடந்தது.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. தன் கதையைத் தானே சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவனிடம் தமிழில் சொல்ல வேண்டும், அவன் எழுந்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அப்போதுதான் இன்னொருவன் பேச்சை எடுத்துச் சொல்லப் பழகும். "வினைச்சொல்லப் பாத்தீங்கன்னா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்," என்பாள். "அட்மிட், டினை ரெண்டுக்கும் பின்னாடி செயல் வரும். ரிஃப்யூஸ், ப்ராமிஸ், த்ரெட்டனுக்கு 'டு' வரும். வார்ன் பண்ணா ஆள் வேணும், யாரை வார்ன் பண்ணான்? 'சே'ன்னா ஆள் இல்லாம தப்பிச்சிடலாம். 'டெல்'லுனு போட்டா தப்பிக்க முடியாது, உடனே ஆள் வந்து நிக்கணும்."

பக்கிரிசாமிக்கு ஜோடி கிஷன். சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரே மோட்டாரில் வருவார்கள். பக்கிரிசாமி ஐம்பதைத் தாண்டியவர், நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. "டீச்சர், எனக்கு லைன் லீடர் எல்லாம் வேணாம் லா. என் வைஃப் என்னைத் திட்டறத இங்கிலீஷ்ல சொல்லணும், அது போதும்," என்று முதல் நாளே அறிவித்தவர்.

விபத்துக்குச் சில வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை. அன்றைய வினைச்சொல் த்ரெட்டன். கிஷன் எழுந்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "ஆறாம் நம்பர் மிஷின் த்ரெட்டன்ட் டு ஈட் சாமி அண்ணன்'ஸ் ஹேண்ட்."

வகுப்பு குலுங்கியது. தாட்சாயினி பலகையைத் தட்டினாள். "மிஷின் மிரட்டாது. மனுஷன்தான் மிரட்டுவான். வாக்கியத்துல ஆளைப் போடுங்க."

பக்கிரிசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "ஆளைப் போட்டா எனக்கு வேலை போயிரும் டீச்சர்."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அப்புறம்தான் அவர் விளக்கம் சொன்னார். சென்சர் செத்துப் போச்சு, புதுசு வர நாளாகுமாம், அதுவரைக்கும் வயரை ஒட்டிப் போட்டு ஓட்டச் சொல்லியிருக்காங்க, கைய உள்ள விடறப்பல்லாம் குலதெய்வத்தக் கூப்பிட்டுக்கறேன் என்று. தாட்சாயினி பலகைப் பக்கம் திரும்பி, "இதுக்கு 'கம்ப்ளெய்ன்' நல்லா பொருந்தும்," என்று எழுதிப் போட்டாள்.

வகுப்பு முடிந்ததும் கார்த்திகனின் காரில் தீவுக்குத் திரும்பி, வழக்கம்போல நாசி கண்டார் சோற்றுக்கடையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குக் கார்த்திகன் சிரித்த சிரிப்பில் புரையேறி, மீன்குழம்பு சட்டையில் தெறித்தது. எத்தனை துவைத்தும் அந்த மஞ்சள் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை பக்கிரிசாமியின் நாற்காலி காலி. அதற்கடுத்ததும் காலி. கிஷனுக்கு அவள் வேறு ஜோடி போட்டுவிட்டாள்.

பெர்ரி கரையில் இடித்து நின்றது.

கிராப் வாடகைக் காரில் ஏறும்போது ஓட்டுநர் அவள் காலைப் பார்த்தார். "ஒரு செருப்பு எங்கக்கா?" என்றார். "பினாங்குல," என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

கம்பெனி வரவேற்பறையில், குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் கீழே, முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கிரிசாமியின் மனைவி ஜெயலெட்சுமி. அவளை ஒரே ஒரு முறை, சாவு வீட்டில் பார்த்தது. தாட்சாயினி கடந்துவிடப் பார்த்தாள். முடியவில்லை.

"டீச்சர்தானே?" ஜெயலெட்சுமி எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபீசர் வராங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்வாங்கன்னு வரச் சொன்னாங்க. அவரு தப்பா, அந்தக் கிஷன் தப்பா, ஒண்ணும் தெரியல. கிஷன் எங்க வீட்ல சோறு தின்ன பையன் டீச்சர். அவன் ஏன் இப்படிப் பண்ணப் போறான்?"

"பேசத்தான் வந்திருக்கேன்க்கா."

"உங்க கிளாஸுன்னா அவருக்கு உசுரு. 'மை வைஃப் அக்யூஸ்ட் மீ ஆஃப் குறட்டை'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." சிரிக்கப் போனவளின் முகம் பாதியில் கோணியது. "அப்புறம் திடீர்னு சனிக்கிழமையும் ஷிப்டு போட்டுட்டாங்க. அதே ஆறாம் நம்பர்ல. வேற யாருக்கும் போடல, அவருக்கு மட்டும். 'நான் யாரு வயித்துல அடிச்சேன்'னு கேட்டுக்கிட்டே போவாரு. ஏன் டீச்சர் அப்படிப் போட்டாங்க?"

தாட்சாயினி மெதுவாகக் கையை உருவிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

நடைபாதையில் கார்த்திகன் வழிமறித்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதுகாப்புத் தொப்பி. முகத்தில் தூக்கமில்லாத சாம்பல் நிறம்.

"திரும்பிப் போம்னு சொன்னேன்."

"அவன் சைன் பண்ணிட்டானா?"

"இன்னும் இல்ல. பேனாவ வெச்சுக்கிட்டு விளையாடறான்." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அருகே வந்தான். "நான் சொல்றத வடிவாக் கேளும். கிஷன் ஒத்துக்கிட்டா அபராதம், மிஞ்சிப் போனா கொஞ்ச நாள் உள்ள. வக்கீல் செலவு கம்பெனியோடது. வெளிய வந்தா ஷா ஆலம் கிளையில வேலை, பேசியாச்சு. ஆனா ஆபீசுக்கு முன்னாலேயே தெரியும்னு ஒரு வார்த்தை வந்துச்சோ, உள்ள போறது நான். நம்ம ரெண்டு பிள்ளைகளும் எந்தப் பள்ளிக்கூடத்துல தலை நிமிந்து நடப்பினம்?"

"அந்த வயரை ஒட்டச் சொன்னது நீங்கதானே?"

"மேல இருந்து எனக்குச் சொன்னாங்க. நான் கீழ சொன்னேன். எல்லாக் கம்பெனியிலயும் நடக்கறது." அவன் குரல் உடைந்தது. "பக்கிரி செத்துப்போவார்னு நினைச்சா சொன்னேன்?"

"இல்ல," என்றாள். அது உண்மை. அதுதான் கொடுமையாகவும் இருந்தது.

"அப்ப போம். உமக்கு உள்ள என்ன வேலை? நீர் என் பெண்சாதின்னு அந்த ஆபீசருக்குத் தெரியாது. டீச்சரா வந்தீர், டீச்சராப் போயிடும்."

அவனைத் தாண்டித்தான் கதவு. ஒற்றைச் செருப்பையும் கழற்றிச் சுவரோரம் விட்டுவிட்டு, வெறுங்காலோடு கதவைத் தள்ளினாள்.

கிஷன் மேசையின் கோடியில் இருந்தான். முப்பத்தைந்து வயது ஆள் ஒரே வாரத்தில் பத்து வயது கூடியிருந்தான். முன்னால் காகிதம், மேலே மூடி கழற்றிய பேனா. எதிரே இலாகா அதிகாரி ரொஸ்னா. வெளிர்நீலத் தலைமுக்காடு, மடிக்கணினி, சலனமில்லாத கண்கள். வந்துவிட்டாள், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக.

"இவர் யார்?" என்று மலாயில் கேட்டாள்.

"இங்கிலீஷ் டீச்சர். நான்தான் வரச் சொன்னேன்," என்றான் கிஷன். பிறகு தமிழில், "டீச்சர், ரிஃப்யூஸுக்குப் பின்னாடி என்ன வரும்?"

"டு."

"அதத்தான் பண்ணப் போறேன். ஐ ரிஃப்யூஸ் டு சைன்." பேனாவை உருட்டிவிட்டான். அது மேசை ஓரம்வரை ஓடி நின்றது. "ஆனா எனக்குப் பின்னாடி யாரு வருவா டீச்சர்?"

கார்த்திகன் உள்ளே வந்து, ரொஸ்னாவின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ரொஸ்னா கேள்விகளை மலாயில், அவசரமில்லாமல் கேட்டாள். வயரை எப்போது ஒட்டினாய்? விபத்துக்குப் பல வாரம் முன்னால் என்றான் கிஷன். யார் சொல்லி? கிஷன் விரலை நீட்டவில்லை. கண்ணை மட்டும் நீட்டினான். "கார்த்திகன் சார்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை," என்றான் கார்த்திகன். "சென்சர் பழுது என்பதே விபத்துக்குப் பிறகுதான் ஆபீசுக்குத் தெரியும்."

"முன்னாலேயே பழுது என்பதற்குச் சாட்சி உண்டா?"

"கிளாஸ்ல இருந்த எல்லாருக்கும் தெரியும்," என்றான் கிஷன், கொச்சை மலாயில். "சாமி அண்ணன் சொன்னாரு, நான் எழுந்து நின்னு இங்கிலீஷ்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." தொண்டையைச் செருமினான். "நானும் சிரிச்சேன்."

கார்த்திகன் உதட்டோரம் சிரித்தான். "பயிற்சி வாக்கியங்கள். அந்த வகுப்பில் ஒருவனுடைய பூனை சாலை வரி கட்டுவதாக வாக்குக் கொடுத்தது. ஒருவருடைய மனைவி குறட்டைக் குற்றம் சாட்டினாள். இதெல்லாம் சாட்சியா? தொழிலாளிகள் தங்களுக்குள் என்ன பேசிச் சிரித்தார்களோ, ஆபீசுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. என்னிடம் யாருமே சொல்லவில்லை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மனைவியைப் பார்த்தான். கெஞ்சல் இருந்தது. அதற்கு அடியில் பயம்.

ரொஸ்னா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "டீச்சர், வகுப்பில் அப்படிப் பேச்சு நடந்தது உண்மையா?"

"உண்மை."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"திருத்தினேன். மிஷின் மிரட்டாது என்று."

ரொஸ்னாவின் புருவம் லேசாக உயர்ந்தது. "அதோடு விட்டுவிட்டீர்களா? வெளியில் யாரிடமும் சொல்லவில்லையா?"

"தாட்சா," என்றான் கார்த்திகன், தமிழில், உதடு அசையாமல். "பிள்ளைகள யோசியும்."

ரொஸ்னாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு கணவனின் குரல் எந்த மொழியிலும் தெரிந்துவிடும். அவள் பார்வை அவனிடமிருந்து இவளுக்கு வந்து நின்றது.

கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் ஜெயலெட்சுமி நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ. முந்தானை நுனி வாயில்.

தாட்சாயினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேன்."

"யாரிடம்?"

"இவரிடம். இவர் என் கணவர்." ரொஸ்னாவின் விரல்கள் மறுபடியும் விசைகளில் இறங்கின. "வகுப்பு நடந்த அன்று மதியம், சாப்பாட்டுக் கடையில். சென்சர் செத்தது, வயரை ஒட்டினது, மிஷின் கையைத் தின்னப் பார்க்கிறது என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிப்பதற்காகச் சொல்லவில்லை. வாக்கியம் வேடிக்கையாக இருந்தது, சிரிக்கத்தான் சொன்னேன். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்."

கார்த்திகன் கண்ணை மூடிக்கொண்டான். கிஷன் மெல்லத் தலையை நிமிர்த்தினான். அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை. வேறு ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றாள் ரொஸ்னா.

தாட்சாயினி கண்ணாடிச் சதுரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நாக்கு நின்றுவிடும்.

"சட்டையைத் துடைத்துக்கொண்டே, இந்தப் பேச்சை வகுப்பில் ஆரம்பித்தது யார் என்று கேட்டார்."

"நீங்கள்?"

"பக்கிரிசாமி என்று பேரைச் சொன்னேன்."